ஆட்டுச் சந்தையை ஏலம் விடுங்கள், கீரைக்கூடையை விடாதீர்கள்

மார்ச் 31 வந்தால் எங்கள் ஊர் வாரச்சந்தையின் சுங்கக் குத்தகை முடிகிறது. அதற்கு முன்னால் வரும் பேரூராட்சி மன்றத்தின் ஏதோ ஒரு மாதக் கூட்டத்தில், தெருவிளக்குச் செலவுக்கும் குடிநீர்க் குழாய் பராமரிப்புக்கும் நடுவே, "வாரச்சந்தைக் கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஏலம் விட மன்றத்தின் அனுமதிக்கு" என்று ஒரு பொருள் வாசிக்கப்படும். யாரும் வாய் திறக்காவிட்டால் இரண்டு நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறிவிடும். வியாழக்கிழமைதோறும் விடிகாலை நாலு மணிக்கு வந்து சாக்கு விரிக்கும் ஏறக்குறைய முந்நூறு பேர் அடுத்த சில ஆண்டுகளுக்கு என்ன கொடுக்க வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், எதிர்த்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் முடிவாகிறது.

அதனால்தான் கூட்டத்துக்கு முன்பே இதை எழுதுகிறேன். மன்றத்தின் முன் இருக்கும் வழி ஒன்றே ஒன்று என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான்கு இருக்கின்றன. பழையபடி குத்தகைக்கு விடலாம், பேரூராட்சியே ஆள் வைத்து வசூலிக்கலாம், மகளிர் சுயஉதவிக் குழுவிடம் வசூலை ஒப்படைக்கலாம், சுங்கத்தையே எடுத்துவிடலாம்.

குத்தகையைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் அதன் நல்லது கெட்டது இரண்டுமே கண்ணுக்குச் சட்டென்று தெரியாதவை.

அதன் பலம் எளிமை. ஏல அறிவிப்பு வருகிறது, ஏலத்தில் கலந்துகொள்ள முன்கூட்டியே டேவணித்தொகை கட்டுகிறார்கள், மூடி முத்திரையிட்ட ஒப்பந்தப்புள்ளியும் பகிரங்க ஏலமும் நடக்கிறது, அதிகம் கேட்டவருக்கு உரிமை போகிறது. பேரூராட்சிக்கு உறுதியான தொகை கிடைக்கிறது. மழை பெய்து சந்தை கூடாத வாரம் நஷ்டம் குத்தகைதாரருடையது. விடியலுக்கு முன் நின்று வசூலிக்க ஊழியரைத் தேட வேண்டியதில்லை. செயல் அலுவலர், ஓர் இளநிலை உதவியாளர், ஒன்றிரண்டு வரித்தண்டலர் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு ஊரையே நடத்தும் அலுவலகத்துக்கு இது சின்ன விஷயமில்லை. குத்தகையை ஆதரிக்கும் உறுப்பினர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கெட்டது எங்கே இருக்கிறது என்று பார்க்க ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் எண்ணைப் போட்டுப் பாருங்கள். சந்தையில் 300 தரைக்கடை. மன்றம் நிர்ணயித்த சுங்கம் கடைக்கு 20 ரூபாய். ஆண்டுக்கு 52 சந்தை. ஒரு கடை விடாமல், ஒரு வாரம் தவறாமல் வசூலித்தாலும் மொத்தம் 3,12,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா நியாயமாக வர வழியில்லை. இப்போது ஏலம் 4,00,000 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 72,000 ரூபாய். வசூலுக்கு இரண்டு ஆள், நாளுக்குத் தலா 700 ரூபாய் கூலி என்றால் ஆண்டுக்கு 72,800. குத்தகைதாரர் ஒரு ரூபாய் லாபம் பார்க்கும் முன்பே 5,44,800 ரூபாய் எடுத்தாக வேண்டும். வாரத்துக்கு 10,477. கடைக்கு 35 ரூபாய்.

அதாவது ஏலம் முடிந்து சுத்தியல் விழுந்த அந்த நிமிடமே, இருபது ரூபாய் என்று எழுதியிருக்கும் கட்டணம் முப்பத்தைந்துக்குக் குறையாது என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தனியாக விசாரணை வேண்டாம். ஏலத்தொகையைக் கடை எண்ணிக்கையால் வகுத்தால் போதும். முந்தைய ஏலத்தொகையை அளவுகோலாக வைத்து அடுத்ததை எதிர்பார்ப்பதால் தொகை ஏறிக்கொண்டே போகிறது. சந்தைக்கு வரும் கூடைகளின் எண்ணிக்கை அப்படி ஏறுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் கீரை வாங்கும் ஆத்தாவிடம் சுங்கச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். சீட்டில் ஒரு தொகை. அவர் கொடுத்தது அதைவிட அதிகம்.

"ஏனுங்க ஆத்தா, சீட்டுல இருக்கறதத்தானுங்க குடுக்கோணும்?"

"அது தெரியுங் கண்ணு. கேட்டா அடுத்த வாரம் எம்பட எடத்துல வேற ஒருத்தரு உக்காந்திருப்பாங்க."

இருபது ஆண்டுகளாக அதே வேப்பமரத்தடியில் உட்காருகிறவர். அவரிடம் அந்த இடத்துக்கு எந்தத் தாளும் கிடையாது. சுங்கமும் உரிமமும் வேறு வேறு விஷயம் என்று மன்றத்தில் தனித்தனியாக விவாதிக்கிறார்கள். சாக்கு விரிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். இடத்துக்குத் தாள் இருந்தால் கூடுதல் பத்து ரூபாயை மறுக்கலாம். இல்லாவிட்டால் மறுக்க முடியாது.

ஆனாலும் குத்தகை எல்லா இடத்திலும் தவறு என்று சொல்ல மாட்டேன். எங்கள் சந்தையின் இன்னொரு பாதி ஆட்டுச் சந்தை. எட்டயபுரம், அய்யலூர், மேலப்பாளையம் என்று தமிழ்நாட்டில் பேர்பெற்ற ஆட்டுச் சந்தைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே வியாபாரத்தின் தன்மையே வேறு. ஓர் ஆடு ஆயிரக்கணக்கில் விலைபோகிறது. உருப்படிக்கு இவ்வளவு என்ற சுங்கம் அந்த விலையில் கடுகளவு. வாசலில் நின்றால் தலை எண்ணிவிடலாம். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் மொத்த வியாபாரி அதிகம் கேட்டால் நாலு பேர் முன்னால் சத்தம் போடுவார். அவரை மிரட்ட முடியாது. தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் கூட்டம் பல மடங்காகும்போது, அதைச் சமாளிக்கும் ஆள்பலமும் குத்தகைதாரரிடம்தான் இருக்கும். போட்டி உள்ள இடம், எண்ணக்கூடிய பொருள், பேரம் பேசத் தெரிந்த இரண்டு தரப்பு என்று ஏலத்துக்கு வேண்டிய எல்லாமே ஆட்டுச் சந்தையில் இருக்கின்றன. கீரைக்கூடை வரிசையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. இரண்டையும் ஒரே ஏலத்தில் சேர்த்து விடுவதுதான் எங்கள் ஊர் பல காலமாகச் செய்துவரும் பிழை. ஏலத்தொகை பெரிதாகத் தெரியும். அதில் எவ்வளவு ஆட்டிலிருந்து வருகிறது, எவ்வளவு கூடையிலிருந்து வருகிறது என்பது யாருக்கும் தெரியாது.

பேரூராட்சியே நேரடியாக வசூலிக்கும் வழி, கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் மூன்று இடங்களில் முட்டும். முதலாவது ஆள். வரித்தண்டலர் சந்தையில் நின்றால் அந்த வாரம் சொத்துவரி வசூலும் குடிநீர்க் கட்டண வசூலும் தள்ளிப்போகும். தூய்மைப் பணியாளரை வசூலுக்கு நிறுத்துவது அதைவிட மோசம். சந்தை நாளில்தான் அவருக்கு வேலையே அதிகம். இரண்டாவது நேரம்: அரசு ஊழியரின் நாள் பத்து மணிக்குத் தொடங்குகிறது, மொத்த வியாபாரம் ஏழு மணிக்கே முடிந்துவிடுகிறது. மூன்றாவது கசிவு. ரசீதுப் புத்தகம் கையில் இருந்தால் ரசீது போடாமல் வாங்குவதற்கும் வழி இருக்கிறது. கையடக்க இயந்திரத்தில் அச்சிட்டுத் தரும் ரசீதும், ஒவ்வொரு வரிசையிலும் ஒட்டிய கியூஆர் அட்டையும் இதைப் பெருமளவு அடைக்கும். தக்காளிக் கடையில் ஐந்து ரூபாய்க்குக்கூட ஸ்கேன் செய்யும் காலம் இது. சுங்கத்தை மட்டும் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று இருப்பதற்குக் காரணமில்லை. இருந்தும் ஆள் இல்லாமல் இயந்திரம் மட்டும் வசூலிக்காது.

அங்கேதான் மூன்றாவது வழி பொருந்துகிறது. மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு இப்படிப்பட்ட பொறுப்பு புதிதில்லை. 2013இல் சென்னையில் தொடங்கிய அம்மா உணவகங்களை நாள்தோறும் நடத்தியவர்கள் குழுப் பெண்கள்தான். கடன் புத்தகம், வாராந்திரக் கூட்டம், கையெழுத்து, வங்கியில் கட்டிய சலான் என்று கணக்கு அவர்களுக்குப் பழகிய விஷயம். வசூலில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுத்தால் குழுவுக்கும் வருமானம். முக்கியமாக, குத்தகைதாரருக்கு இருப்பதுபோல முன்பணமாகப் போட்ட முதலை எடுத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இல்லை. கூடுதலாக வாங்கினால்தான் பிழைக்க முடியும் என்ற நிலையே எழாது.

பழைய உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். சுங்கத்தை 20லிருந்து வெளிப்படையாக 25 ரூபாயாக உயர்த்துகிறோம். 300 கடை, 52 வாரம்: 3,90,000 ரூபாய். தலைச்சுமையாகக் கொண்டுவரும் ஒரு 40 பேருக்கு விலக்குக் கொடுத்தால் 52,000 குறைந்து 3,38,000. அதில் 15 சதவீதம் குழுவுக்கு, 50,700. பேரூராட்சிக்கு மிஞ்சுவது 2,87,300. குத்தகையில் வந்த நான்கு லட்சத்தோடு ஒப்பிட்டால் 1,12,700 ரூபாய் குறைவு.

அந்தக் குறைவை மறைக்காமல் மன்றத்தில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். "வருவாய் இழப்பு" என்று யாராவது எழுந்து சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். கடைக்கு 35 கொடுத்தவர் 25 கொடுப்பார், 40 பேர் ஒன்றுமே கொடுக்க மாட்டார்கள். 260 பேருக்கு வாரம் பத்து ரூபாய் வீதம் ஆண்டுக்கு 1,35,200. விலக்குப் பெற்றவர்களுக்கு 35 வீதம் 72,800. ஆக 2,08,000 ரூபாய் வியாபாரிகளின் மடியிலேயே தங்குகிறது. பேரூராட்சி ஒரு லட்சத்துச் சொச்சம் விட்டுக்கொடுத்தால் மக்களிடம் இரண்டு லட்சத்துக்கு மேல் நிற்கிறது. ஊரின் மிக ஏழ்மையான வியாபாரிகளுக்கு இதைவிட மலிவான உதவித் திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

குழுவிடம் கொடுப்பதில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. எந்தக் குழு என்பதில் உறுப்பினர்களின் சொந்தபந்தம் நுழையும். அதற்கு நான் கண்ட ஒரே மருந்து, ஒரே குழுவிடம் கொடுக்காமல் மூன்று குழுக்களுக்கு மாதம் மாற்றி மாற்றிக் கொடுப்பது. ஒரு குழுவின் மாத வசூல் மற்றதைவிட வெகுவாகக் குறைந்தால் கேள்வி தானாக எழும்.

நான்காவது வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுங்கத்தை நீக்கியதற்காகவே முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று நாம் தொள்ளாயிரம் ஆண்டுகளாக நினைவில் வைத்திருக்கிறோம். நம் காலத்திலும் 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கிய உழவர் சந்தையில் விவசாயிக்குக் கடை வாடகை கிடையாது, தராசும் கொடுத்தார்கள். ஆனால் உழவர் சந்தைக்குப் பின்னால் மாநில அரசின் துறை நிற்கிறது. சந்தை முடிந்த இரவு அழுகிய முட்டைக்கோஸ் இலையையும் வெங்காயச் சருகையும் அள்ளும் செலவை எங்கள் பேரூராட்சி தன் கையிலிருந்துதான் போட வேண்டும். சுங்கத்தை அடியோடு நீக்கினால் முதலில் குறைவது அந்தத் துப்புரவுதான். தலைச்சுமைக்காரர்களுக்கு விலக்கு என்பதோடு நிற்பது நல்லது.

இனி உரிமம். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு நகர்ப்புற உள்ளாட்சியிலும் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் 40 சதவீதத்துக்குக் குறையாத உறுப்பினர்கள் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வியாபாரிகளின் கணக்கெடுப்பு. கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. ஊர் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் வரை வியாபாரிகளுக்கு இடமளிக்கும் அளவுகோலும் சட்டத்திலேயே உள்ளது. 20,000 பேர் வாழும் பேரூராட்சியில் அது 500 பேர்.

மன்றத்தின் முன் இங்கே இருப்பது சின்னத் தேர்வுபோலத் தோன்றும்: கணக்கெடுப்பை என்றைக்கு, எத்தனை மணிக்கு நடத்துவது? அலுவலக நாளில் பதினோரு மணிக்கு நடத்தினால் கடைவீதியில் நிரந்தரமாகத் தள்ளுவண்டி போட்டவர்களின் பெயர்தான் வரும். வியாழன் விடிகாலை ஐந்து மணிக்கு நடத்தினால்தான் சந்தைக்காரர்களின் பெயர் வரும். வாரத்தில் ஆறு நாள் ஆறு ஊர்ச் சந்தைக்குப் போகும் பாத்திரக்காரர், கருவாட்டுக்காரர், வளையல்காரர் எந்த ஊர்க் கணக்கிலும் ஏறாமல் விடுபட்டுப் போகிறார்கள். எல்லா ஊரிலும் வியாபாரம் செய்கிறார்கள். எந்த ஊரின் தாளும் கையில் இல்லை. தெருவோர வியாபாரிகளுக்கென்று 2020 ஜூனில் வந்த பிரதமரின் ஸ்வநிதிக் கடனுக்குச் சான்றிதழோ, பேரூராட்சியின் பரிந்துரைக் கடிதமோ கேட்கிறார்கள். முதல் தவணை பத்தாயிரம் ரூபாய். 2025இல் பதினைந்தாயிரமாக உயர்ந்தது. கந்துவட்டியில் காலையில் வாங்கி மாலையில் கட்டும் ஒருவருக்கு அந்தத் தொகை எவ்வளவு பெரிது என்று சந்தையில் ஒரு நாள் நின்றவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் உறுப்பினர்கள் கவனிக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடந்துவரும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணை. எங்கள் சந்தை என் தாத்தா காலத்துக்கும் முந்தியது. அப்படி ஒரு தீர்மானம் போட்டு வைப்பதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. பேருந்து நிலையத்தை விரிவாக்க வேண்டும் என்று நாளைக்கு யாராவது வரைபடத்தோடு வரும்போது அந்தத் தீர்மானம் பேசும்.

கடைசியாகச் செலவு. சந்தைக்கென்று பணம் வந்தால் அதை என்ன செய்வது என்பதில் இரண்டு கட்சி இருக்கிறது. ஒரு தரப்பு ஷட்டர் போட்ட கடை வளாகம் கேட்கிறது. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டத்தில் பல ஊர்களில் சந்தைகளைப் புதுப்பித்திருப்பதைப் பார்த்து வந்த ஆசை அது. மாத வாடகை, முன்வைப்புத் தொகை என்று பேரூராட்சிக்கு நிலையான வருமானமும் உண்டு. மறுதரப்பு உயர்ந்த மேற்கூரையும் மேடையும் போதும் என்கிறது.

நான் மேடைக் கட்சி. வாரத்துக்கு ஒரு நாள் வருபவருக்கு ஷட்டர் எதற்கு? வளாகம் வந்தால் கடை ஏலத்துக்குப் போகும். முன்வைப்புத் தொகை கட்டக்கூடியவர் எடுப்பார். கீரைக்காரர்கள் வளாகத்தின் வாசலில், வெயிலில், முன்பைவிடக் குறுகலான இடத்தில் உட்காருவார்கள். பிறகு அவர்களை ஆக்கிரமிப்பு என்பார்கள். மேடை அப்படிச் செய்யாது. லாரி உள்ளே வரும் உயரத்துக்கு இரும்புத் தூண், தகரக் கூரை, தண்ணீர் நிற்காமல் ஓடும் சாய்வு, விடிகாலைக்கு விளக்கு, ஓரத்தில் ஏற்கெனவே நிற்கும் வேம்பையும் புங்கனையும் வெட்டாமல் விடுவது. சந்தை இல்லாத ஆறு நாளும் பிள்ளைகள் விளையாடலாம், நெல்லோ சோளமோ காயவைக்கலாம்.

ஆனால் கூரைக்கும் முன்னால் கழிப்பறை. சந்தைக்கு வரும் பெண்களில் பலர் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் அப்படியே உட்காருகிறார்கள். இதை அவர்கள் மனு எழுதிக் கேட்க மாட்டார்கள், வெட்கப்படுவார்கள். பெண்களுக்குச் சரிபாதி இடஒதுக்கீடு உள்ள மன்றம் கேட்காமலேயே செய்ய வேண்டிய வேலை இது.

இதற்குப் பணம் இல்லை என்ற பதில் எடுபடாது. 15ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்கு வகுத்த முறையில், பெருநகரம் அல்லாத ஊர்களுக்கான மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. சந்தைக் கழிப்பறையும் குடிநீர்த் தொட்டியும் அந்த வகைக்குள் வரும் வேலைகள். கூரைக்கு 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. மொத்த மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதி அரசுடையது. 30 லட்ச ரூபாய்க் கூரைக்கு 10 லட்சம் நாம் சேர்க்க வேண்டும். அரிசி மண்டிக்காரர்கள், திருப்பூரில் தொழில் செய்யும் எங்கள் ஊர்க்காரர்கள், வணிகர் சங்கம் என்று கேட்டால் சேரும். ஒரே ஒரு நிபந்தனை தீர்மானத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்: பணம் கொடுத்தவருக்குக் கல்வெட்டில் பெயர் உண்டு, மேடையில் இடம் முன்னுரிமையாகக் கிடையாது. குப்பைக்கும் வழி நம்மிடமே இருக்கிறது. குப்பையைப் பிரித்து உரமாக்கும் வளம் மீட்புப் பூங்காவில் ஆகும் உரத்தை அடுத்த வியாழன் சந்தையிலேயே விவசாயிகளுக்கு விற்கலாம்.

ஆக, மன்றம் என்ன தீர்மானம் போடலாம் என்று கேட்டால் என் பதில் இது. ஆட்டுச் சந்தையைத் தனி ஏலமாக விடுங்கள். காய்கறி, தரைக்கடைப் பகுதியை ஏலத்திலிருந்து எடுத்து, ஓராண்டுக்கு மட்டும் மூன்று குழுக்களிடம் கொடுத்துப் பாருங்கள். ஓராண்டு வசூலை மாதவாரியாகப் பலகையில் எழுதுங்கள். கணக்கு சரியாக வரவில்லை என்றால் அடுத்த ஆண்டு ஏலத்துக்குத் திரும்பலாம்; அப்போதும் உண்மையான வசூல் எவ்வளவு என்ற எண் முதன்முறையாக மன்றத்தின் கையில் இருக்கும். எந்த அடிப்படையில் ஏலத்தொகையை ஏற்பது, எதற்கு மேல் போனால் சந்தேகப்படுவது என்று முடிவுசெய்ய அந்த எண் வேண்டும்.

இதில் எதுவுமே நடக்காமல் பழையபடி ஒரே ஏலம்தான் என்று முடிவானால், குறைந்தபட்சம் கட்டணப் பலகை ஒன்றையாவது சந்தையின் நான்கு வாசலிலும் வையுங்கள். கடைக்கு எவ்வளவு, சாக்குக்கு எவ்வளவு, கூடைக்கு எவ்வளவு, அதிகம் கேட்டால் யாரிடம் சொல்வது என்று பெரிய எழுத்தில். ஆத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்துக் கடையில் உட்காரும் அவருடைய பேத்தி பத்தாம் வகுப்பு முடித்தவள். அவள் படித்துச் சொல்வாள்.